சங்கிலி உழவு இயந்திரத்தின் 'பைனல் டிரைவ்': பழுதறிதலும் திருத்துதலும்

(கிராமத் தொழில்நுட்பப் பாடம்)

தொண்டைமானாறு என்ற பெயரிலேயே மண் வெட்டிய கதை ஒன்று இருக்கிறது. சோழரின் தளபதியான கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் மரக்கலங்களுக்காக இந்தக் கடல்வாயை ஆழப்படுத்தினான், அதனால் இப்பெயர் வந்தது என்பது யாழ்ப்பாணத்து மரபுச் செய்தி. அன்று உப்புக்காக வெட்டப்பட்ட அதே வாயில், 1940களின் பிற்பகுதி தொடக்கம் 1950களின் ஆரம்பம் வரையான காலத்தில், உப்பு நீரைத் தடுக்க அணை கட்டப்பட்டது. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடவும், கோடையில் கடல்நீர் வடமராட்சி நீரேரிக்குள் ஏறாமல் மறிக்கவும் அந்த அணை வேண்டியிருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்திலும் இந்த அணைக்கு முக்கிய இடம் உண்டு.

அணை ஒன்று மட்டும் போதாது. நீரேரிக் கரையின் வரம்புகளை உயர்த்த வேண்டும். தூர்ந்துபோன குளங்களை ஆழமாக்க வேண்டும். குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. இங்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை குளத்தில் நின்று சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால்தான் வைகாசியிலும் ஆனியிலும் கிணற்றில் நன்னீர் இருக்கும். எனவே குளம் வெட்டும் வேலை நமது குடிநீர் பற்றிய வேலையே ஆகும்.

இந்த வேலைகளுக்கு நமது கிராமங்களில் பெரும்பாலும் கிடைப்பவை பழைய சங்கிலி உழவு இயந்திரங்களே. மக்கள் இவற்றைப் பொதுவாக 'புல்டோசர்' என்பர். இவற்றில் அடிக்கடி பழுதுபடுவதும், பழுதுபட்டால் அதிக செலவு வைப்பதும், பிரிக்கும்போது அதிக ஆபத்து உள்ளதுமான பகுதி 'பைனல் டிரைவ்' எனப்படும் இறுதி இயக்கப் பெட்டி. அதைப் பற்றியே இந்தப் பாடம். கையேடு இல்லாமல் திருத்துவதற்கு இது வழி சொல்லவில்லை. கையேட்டை வாசித்து விளங்கிக்கொள்ளவும், எப்போது நிறுத்துவது, எப்போது தேர்ந்தவரை அழைப்பது என்று தீர்மானிக்கவும் உதவுவதே இதன் நோக்கம்.

நாம் தவறியது எப்படி?

முதலில் நமது தவறையே சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நீரேரிக் கரையை அண்டிய ஒரு கிராமத்தில் குளம் ஆழமாக்கும் வேலையை நாம் பொறுப்பேற்றிருந்தோம். ஆவணி மாதம். வேலை பாதி முடிந்திருந்தது. இயந்திரத்தின் இடப்பக்கச் சில்லின் நடுவில் ஒயில் கசிந்து, அதில் மண் ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருந்தது. எங்களோடு நின்ற வயதான மெக்கானிக் அண்ணை அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாதர், இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஒயில் வெளியாலை வாற வழியாலைதான் மண்ணும் உள்ளுக்கை போகுது" என்றார்.

நாம் நிறுத்தவில்லை. மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம். தினமும் காலையில் ஒயில் ஊற்றிக்கொண்டு ஓடலாம் என்று குழுவில் பெரும்பான்மையோர் சொன்னார்கள், நாமும் தலையசைத்தோம். ஒன்பதாம் நாள் குளத்தின் நடுவில் பெரிய சத்தத்துடன் இயந்திரம் நின்றது. பெயாரிங் உடைந்து அதன் துண்டுகள் பற்சில்லுக்குள் புகுந்திருந்தன. உதிரிப்பாகம் தேடிக்கொண்டிருக்கையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தை முடியும் வரை இயந்திரம் தண்ணீருக்குள் நின்றது. அந்த ஆண்டு அக்குளத்தில் தேங்க வேண்டிய நீரில் பாதிகூடத் தேங்கவில்லை. ஆனி மாதத்தில் அந்தக் கிராமத்துப் பெண்கள் அயல் கிராமத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள். ஒரு சோடி சீல் மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டதற்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை அது.

இந்த இயந்திரம் எப்படி வந்தது?

கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரை அண்டிய கழிமுக நிலம் மிகவும் மென்மையானது. அங்கு நீராவி உழவு இயந்திரங்களின் சில்லுகள் புதைந்தன. சில்லை எவ்வளவு அகலமாக்கியும் பயன் இல்லை. 1904 ஆம் ஆண்டு பெஞ்சமின் ஹோல்ற் என்பவர் சில்லுகளைக் கழற்றிவிட்டு மரப்பலகை பொருத்திய சங்கிலித் தடத்தின் மேல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். பாரம் பரந்து விழுந்ததால் இயந்திரம் புதையவில்லை. 1925 இல் அவரது நிறுவனமும் பெஸ்ற் நிறுவனமும் இணைந்தே கற்றபிலர் நிறுவனம் உருவானது. இலங்கையிலும் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்ற பெரும் வேலைகளில் காடு வெட்டவும் அணை கட்டவும் இத்தகைய இயந்திரங்கள் பயன்பட்டன.

மென்மையான சேற்று நிலத்துக்காகப் பிறந்த இயந்திரம் நமது நீரேரிக் கரைக்கும் பொருந்துகிறது. ஆயினும் நமது மண்ணில் அதற்கு மூன்று எதிரிகள் உண்டு. அவை மணல், உப்பு நீர், முட்கம்பி என்பனவாகும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இயந்திரத்தின் வலு பிரதான கிளச் வழியாகக் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து குறுக்குத் தண்டுக்கும் போகிறது. குறுக்குத் தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்டியரிங் கிளச் உண்டு. இடப்பக்கக் கிளச்சை விடுவித்தால் இடச் செயினுக்கு வலு போகாது, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஸ்டியரிங் கிளச்சுக்கு அப்பால் இருப்பதே பைனல் டிரைவ்.

அதன் உள்ளே சிறிய பற்சில்லு ஒன்று பெரிய பற்சில்லு ஒன்றைச் சுழற்றுகிறது. சிறியதைப் பினியன் என்பர். உதாரணமாகப் பினியனுக்கு 12 பற்களும் பெரிய சில்லுக்கு 72 பற்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பினியன் ஆறு முறை சுழன்றால் பெரிய சில்லு ஒரு முறை சுழலும். வேகம் ஆறில் ஒன்றாகக் குறைகிறது. உராய்வில் இழக்கும் சிறு பங்கை விட்டால், முறுக்கு வலு ஆறு மடங்காகிறது. நெம்புகோலின் நீண்ட பக்கத்தை அழுத்துபவர் பாரமான பொருளை இலேசாகத் தூக்குவதும் இதே கணக்கில்தான். சிறிய இயந்திரங்களில் இந்தக் குறைப்பு ஒரு கட்டமாகவும், பெரியவற்றில் இரு கட்டமாகவும் இருக்கும்.

பெரிய சில்லின் தண்டு பெட்டிக்கு வெளியே வந்து, செயினை இழுக்கும் ஸ்பிரொக்கற் சில்லைத் தாங்குகிறது. ஆகவே இயந்திரத்தின் முழு இழுவை வலுவும் கடைசியாகத் தங்குவது இந்தத் தண்டிலும் அதன் பெயாரிங்குகளிலுமே.

தண்டு சுழல்கிறது, பெட்டி சுழலவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வெளியை அடைப்பது சீல். ஸ்பிரொக்கற்றின் உட்பக்கத்தில் ஒன்றும் வெளிப்பக்கத்தில் ஒன்றுமாகப் பொதுவாக இரண்டு இருக்கும். மிகப் பழைய இயந்திரங்களில் துருத்தி போல மடிப்புள்ள உறையும், வில்லால் அழுத்தப்படும் தட்டை வளையமும் கொண்ட சீல் உண்டு. பின்னர் வந்தவற்றில் நன்கு மினுக்கிய இரண்டு உலோக வளையங்கள் முகத்தோடு முகம் உரசிச் சுழலும். அவற்றை இரண்டு இறப்பர் வளையங்கள் அழுத்திப் பிடித்திருக்கும். இரண்டு வகையிலும் தத்துவம் ஒன்றே. ஒயிலை உள்ளே வைத்திருக்க வேண்டும், மண்ணையும் நீரையும் வெளியே நிறுத்த வேண்டும்.

பழுது எப்படி வருகிறது?

முதலாவது காரணம் மணல். சீலின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஒயில் மெல்லக் கசியும். கசிந்த ஒயிலில் மணல் ஒட்டும். அந்த மணல் அரத்தூள் போல முகத்தை மேலும் தேய்க்கும். பின்பு உள்ளே போய் ஒயிலோடு கலந்து பற்களையும் பெயாரிங்கையும் அரைக்கும்.

இரண்டாவது உப்பு நீர். வெயிலில் உழைத்துச் சூடேறிய பெட்டியை உடனே தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது சற்றுத் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். உப்பு நீர் ஒருமுறை புகுந்தாலே போதும், இயந்திரம் ஒரு மாதம் சும்மா நிற்கும்போது பெயாரிங் உருளைகளில் துரு பிடித்துவிடும். எனவே சூடு ஆறிய பின்னரே நீரில் இறக்கவும், ஆறிய பின்னரே கழுவவும் வேண்டும். கழுவுவது நன்னீரில் ஆகட்டும்.

மூன்றாவது கம்பி. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தின் கிழக்கு ஓரமாகத் தொண்டைமானாறு பல ஆண்டுகள் இருந்தது. காவலரண்களும் முட்கம்பிச் சுருள்களும் இருந்த நிலத்தில் இன்றும் மண்ணுக்கடியில் கம்பித் துண்டுகள் கிடக்கின்றன. ஸ்பிரொக்கற்றுக்கும் பெட்டிக்கும் இடையே கம்பி சுற்றிக்கொண்டால் அது சீலை வெட்டிவிடும். கைப்பணிச் சணல், மீன்பிடி வலைத் துண்டு என்பனவும் இதையே செய்யும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உரிய தரப்பினர் உறுதிப்படுத்தாத நிலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது காரணத்தை நாமே உண்டாக்குகின்றோம். செயினை அளவுக்கு மேல் இறுக்குவதே அது. கழன்றுவிடும் என்ற பயத்தில் இறுக்குகிறார்கள். இறுகிய செயின் இரவு பகலாகத் தண்டைப் பின்னிருந்து முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். முன் சில்லுக்கும் மேல் உருளைக்கும் இடையே செயினின் மேல் ஒரு நேரான பலகையை வைத்துப் பாருங்கள். பலகையிலிருந்து நடுவில் 1 தொடக்கம் 1½ அங்குலம் தொய்வு இருப்பது பல பழைய இயந்திரங்களுக்குப் பொருத்தமானது. பற்களுக்கிடையில் சேறு அடையும் நிலத்தில் செயின் தானாகவே இறுகும். அங்கு சற்றுக் கூடுதலாகத் தொய்வு விடலாம்.

அறிகுறிகள்

காலையில் இயந்திரத்தை முடுக்குமுன் ஐந்து நிமிடம் சுற்றிவந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் பின்வருவன தெரியவரும்.

1. ஸ்பிரொக்கற்றின் நடுவில் ஈரமான கறுப்புப் படிவு. சீல் கசிகிறது.

2. ஒயிலின் அளவு குறைந்துள்ளது, ஆனால் வெளியில் கசிவு இல்லை; கூடவே அந்தப் பக்கத்து ஸ்டியரிங் கிளச் வழுக்குகிறது. பினியன் பக்கத்துச் சீல் பழுதாகி ஒயில் கிளச் அறைக்குள் போகிறது.

3. ஒயில் பால் போல வெளுத்துள்ளது, அல்லது அளவு கூடியுள்ளது. தண்ணீர் புகுந்துள்ளது.

4. வடிக்கும் மூடியைக் கழற்றினால் விரலில் வெள்ளிப் பசை போன்ற தூள். சிறிதளவு நுண்தூள் பழைய இயந்திரத்தில் இயல்பு. துண்டு துண்டாக உலோகம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

5. முன்னும் பின்னும் ஓட்டும்போது 'டக்' என்ற சத்தம், அல்லது ஸ்பிரொக்கற் ஆடுதல். பெயாரிங் தேய்ந்துள்ளது அல்லது நட்டு இளகியுள்ளது.

6. ஒரு பக்கப் பெட்டி மட்டும் கை வைக்க முடியாத சூடு. இரு பக்கத்தையும் எப்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிக்குமுன் கணக்குப் பார்த்தல்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டபின் உதிரிப்பாகம் தேடி அலைவது அத்திவாரம் போட்டுவிட்டுக் கைவிடுவதைப் போன்றது. முதலில் இயந்திரத்தின் தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள மொடலுக்கும் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறும். அந்த இலக்கத்துக்குரிய கையேட்டையும் பாகப் பட்டியலையும் பெற்று, சீல், கஸ்கெற், பெயாரிங் ஆகியன கிடைக்குமா என்று உறுதிசெய்த பின்னரே நட்டில் கை வைக்க வேண்டும்.

1990 இலிருந்து குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் நமது கராஜ்காரர்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், கடதாசி மட்டையில் கஸ்கெற் வெட்டினார்கள். அந்தத் திறமைக்கு நாம் தலை வணங்குகின்றோம். ஆயினும் இல்லாதபோது செய்த உபாயத்தை, கிடைக்கும் காலத்தில் வழக்கமாக்கக் கூடாது. கஸ்கெற்றை இன்றும் கையால் வெட்டலாம், தடிப்பு மட்டும் சரியாக இருக்க வேண்டும். சீலின் முகத்தையும் பெயாரிங்கையும் உபாயத்தால் ஈடுசெய்ய முடியாது.

பிரிக்கும் முறை

1. இயந்திரத்தைக் கெட்டியான மட்டமான தரைக்குக் கொண்டுவாருங்கள். மணல் தரையில் ஜக்கு சரியும். வேறு வழி இல்லையெனில் தடித்த பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து அதன் மேல் வேலை செய்க. முன் அலகை நிலத்தில் இறக்கிவிடுங்கள். சுற்றிவரக் கழுவித் துடையுங்கள்.

2. ஒயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். ஒரு துளியும் நிலத்தில் விழக் கூடாது. நமது மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் உள்ளது, மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிய துயரமாக இருந்தது என்பதை மறந்துவிட முடியாது. கிணற்றுக்காகக் குளம் வெட்டுகிறவர்கள் கிணற்றைக் கெடுக்கலாமா?

3. செயினைத் தளர்த்துங்கள். செயின் இறுக்கிக்குப் பின்னால் உள்ள பெரிய சுருள்வில் பல தொன் அழுத்தத்தில் அடைபட்டுள்ளது. அதன் கூட்டை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. கிறீஸ் அழுத்தத்தால் இறுக்கும் வகையானால், வால்வைச் சிறிது சிறிதாகவே திறக்கவும், முகத்தை அதற்கு நேரே வைக்காதிருக்கவும் வேண்டும்.

4. செயினில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட அடையாளமுள்ள பிரதான ஊசி ஒன்று உண்டு. அதை அடித்து வெளியேற்றினால் செயின் பிரியும். அடிக்கும்போது உருக்குச் சிதறல் தெறிக்கும், கண்ணாடி அணிய வேண்டும். செயின் சரியும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

5. பிரதான சட்டத்தை ஜக்கில் உயர்த்தி, உடனே பலமான மரக்குற்றிகளை அடுக்கித் தாங்கல் கொடுங்கள். நன்கு முற்றிய பனங்குற்றி இதற்கு ஏற்றது. ஜக்கு உயர்த்துவதற்கு மட்டுமே உரியது, தாங்கி நிற்பது குற்றியின் வேலை.

6. வெளிப்பெயாரிங் கூட்டைக் கழற்றுங்கள். அதன் அடியில் உள்ள சிம் தகடுகளை எண்ணி, கம்பியில் கோத்து, எந்தப் பக்கத்துக்குரியது என்று எழுதி வையுங்கள். பல பழைய மொடல்களில் உருளைச் சட்டத்தையும் வெளிப்பக்கம் நகர்த்தினால்தான் ஸ்பிரொக்கற்றை எடுக்க முடியும்.

7. ஸ்பிரொக்கற்றைக் கழற்றுவதே கடினமான கட்டம். அது தண்டின் சரிவான தவாளிப் பற்களின் மேல் பல தொன் அழுத்தத்தில் ஏற்றப்பட்டுள்ளது. தண்டின் நட்டை முழுதாகக் கழற்றாமல், சில சுற்றுகள் மட்டும் இளக்கி விடுங்கள். ஸ்பிரொக்கற் விடுபடும்போது வெடி போன்ற சத்தத்துடன் பாயும். அந்த நட்டே அதைத் தடுத்து நிறுத்தும். ஹைட்ரோலிக் புல்லர் இல்லாமல் இதைச் செய்ய முயலாதீர்கள். சம்மட்டியால் அடித்தால் பெயாரிங் நசியும், தண்டு வளையும். காஸ் சுடரால் சூடாக்கினால் உருக்கின் பதம் கெடும். உரிய கருவி இல்லையெனில் அது உள்ள பட்டறைக்கு இயந்திரத்தைக் கொண்டுபோவதே மலிவானது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன அந்த இயந்திரத்தைப் பின்னர் பிரிக்கும்போது குற்றி அடுக்காமல் ஜக்கில் மட்டும் நிறுத்தியிருந்தோம். "ஐஞ்சு நிமிச வேலைதானே" என்று எல்லோரும் நினைத்தோம். ஈரமான நிலத்தில் ஜக்கு ஒரு அங்குலம் சரிந்தது. உதவிக்கு நின்ற இளைஞன் ஒருவனின் வலக்கையில் இரண்டு விரல்கள் நசிந்தன. அந்த விரல்களை வைத்தியர்களால் காப்பாற்ற முடியவில்லை. அவன் தாய் எங்களிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, அதுவே எங்களுக்கு அதிகம் வலித்தது. ஐந்தாம் படியை வாசிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கையை நினைத்துக்கொள்ளட்டும்.

பரிசோதித்தல்

கழற்றிய யாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சுத்தமான துணியின் மேல் வரிசையாக வையுங்கள். பெயாரிங்கைக் காற்று அடித்துச் சுழற்றக் கூடாது, உருளைகள் சிதறிக் காயப்படுத்தும். உருளைகளில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளோ, நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் அந்தப் பெயாரிங்கை மாற்ற வேண்டும். நீலம் என்பது அது எரிந்ததன் அடையாளம்.

பற்சில்லில் முனை உடைந்த பற்களைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண ஒரு பழைய முறை உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் சிறிது நேரத்தில் தூளில் ஒரு கோடாகத் தெரியும்.

தண்டின் சரிவான பற்கள் நசிந்திருந்தால், முன்பு நட்டு இளகிய நிலையில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதன் மேல் புதிய ஸ்பிரொக்கற்றை ஏற்றினாலும் நிற்காது. தண்டையும் மாற்ற வேண்டும். ஒட்டு வைத்துச் சமாளிக்கும்படி சிலர் ஆலோசனை சொல்வர். அடுத்த முறை அதைக் கழற்ற முடியாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஸ்பிரொக்கற்றின் பற்கள் பெரும்பாலும் ஒரு முகத்திலேயே தேய்கின்றன, ஏனெனில் இயந்திரம் முன்னோக்கியே அதிகம் இழுக்கிறது. தேய்வு அளவோடு இருந்து, அமைப்பும் இடங்கொடுத்தால் இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றித் தேயாத முகத்தைப் பயன்படுத்தலாம். இது வறியவர்களுக்கு ஏற்ற நல்ல சிக்கனம்.

பூட்டும் முறை

சுத்தமே இங்கு முதல் விதி. காற்றடிக்கும் நேரத்தில் திறந்த வெளியில் பூட்டாதீர்கள். தொண்டைமானாற்றுக் கரையில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் எங்கும் பறக்கும். நான்கு பக்கமும் படங்கு கட்டி மறைத்துக்கொள்ளுங்கள், அல்லது விடியற்காலையில் வேலை செய்யுங்கள்.

உலோக முகச் சீல் எப்போதும் சோடியாகவே வரும். பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாகச் சேர்க்கக் கூடாது. இறப்பர் வளையமும் அது அமரும் இடமும் ஒயில் இன்றி உலர்ந்திருக்க வேண்டும், இல்லையெனில் வளையம் வழுக்கிச் சுழலும். மினுக்கிய முகத்தில் மட்டும் மெல்லிய ஒயில் பூசுக. அந்த முகத்தை விரலால் தொடாதீர்கள். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் அமர்ந்துள்ளதா என்று அளந்து பாருங்கள். சாய்ந்து அமர்ந்த சீல் முதல் வாரத்திலேயே கசியும்.

பெயாரிங்கின் இறுக்கத்தைக் கையேட்டில் சொன்னபடி சரிசெய்யுங்கள். மிகத் தளர்ந்தால் தண்டு ஆடிச் சீலைக் கெடுக்கும். மிக இறுகினால் எரியும்.

ஸ்பிரொக்கற்றை ஏற்றும்போது தவாளிப் பற்களைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது கையேட்டில் இருக்கும். புல்லரின் அளவியில் அதைப் பார்க்கும் கணக்கு இலகுவானது. அளவி காட்டும் அழுத்தத்தைப் பிஸ்ரனின் பரப்பால் பெருக்க வேண்டும். பிஸ்ரனின் பரப்பு 10 சதுர அங்குலம், அளவி சதுர அங்குலத்துக்கு 6,000 இறாத்தல் காட்டினால், விசை 60,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 27 தொன். பின்பு நட்டை இறுக்கிப் பூட்டுத்தகட்டை மறக்காமல் மடியுங்கள்.

கையேட்டில் குறித்த தரத்திலான கியர் ஒயிலை மட்ட மூடி வரை நிரப்புங்கள். அதற்கு மேல் நிரப்பினால் அதுவே சூட்டில் அழுத்தமாகிச் சீலைத் தள்ளும். செயினைப் பூட்டித் தொய்வைச் சரிபாருங்கள். முதல் மணித்தியாலம் பாரம் இன்றி ஓட்டிச் சூட்டையும் கசிவையும் பாருங்கள். முதல் நாள் முடிவில் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். ஒரு வாரம் கழிந்ததும் ஒயிலை வடித்துப் பார்த்து, தூள் இருந்தால் புதிய ஒயில் மாற்றுங்கள்.

இயந்திரமும் சமூகமும்

இயந்திரம் ஊருக்குப் பொதுவானது என்றால், பலவேளை அது ஒருவருக்கும் உரியதல்ல என்று ஆகிவிடுகிறது. ஓட்டுபவர் கசிவைக் காண்கிறார், ஆனால் நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. நிறுத்த அதிகாரம் உள்ள குழுவினர் கசிவைக் காண்பதில்லை. நமது தவறின் வேர் இதுவே. அன்று உண்மையை அறிந்தவர் அந்த மெக்கானிக் அண்ணை ஒருவரே. ஆனால் தீர்மானம் எடுத்த கூட்டத்தில் அவருக்குக் கதிரை போடப்படவில்லை.

மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 இல் எழுதிய சுற்றுமடல், உழைக்கும் மனிதன் கருவியிலும் மூலதனத்திலும் மேலானவன் என்று வலியுறுத்துகிறது. அதை நாம் மேடையில் பலமுறை பேசியிருந்தோம். அந்த ஆவணியில் குளக்கரையில் கடைப்பிடிக்கவில்லை.

அதற்குப்பின் நமது வேலைத்தளங்களில் மூன்று ஒழுங்குகளை வைத்துள்ளோம். ஒன்று, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கொப்பி. ஓடிய மணித்தியாலம், ஊற்றிய ஒயில், கண்ட கசிவு ஆகியவற்றை ஓட்டுபவரே எழுத வேண்டும். இரண்டு, ஓட்டுபவர் அல்லது மெக்கானிக் 'நிறுத்து' என்றால் அன்று வேலை நிற்கும். காரணத்தைப் பின்பு பேசலாம். மூன்று, வாடகைப் பணத்தில் ஒரு பங்கு திருத்த வேலைக்கென்று தனியே வைக்கப்படும், வேறு நல்ல காரியத்துக்கும் அதைத் தொடக் கூடாது. விரல் இழந்த அந்த இளைஞனே இன்று ஒரு கொப்பிக்குப் பொறுப்பாக இருக்கிறான். குற்றி அடுக்காமல் யாரும் ஜக்கை இறக்க அவன் விடுவதில்லை.

அந்தக் குளமும் மறு ஆண்டு புரட்டாதியில் முழுமையாக வெட்டி முடிக்கப்பட்டது. மார்கழியில் அதன் வான் பாய்ந்தது.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் ஊரில் பொது இயந்திரம் ஒன்று கடைசியாக எதனால் நின்றது? அதற்கு முன் அறிகுறி இருந்ததா? அதைக் கண்டவர் யார்?

2. பழுதைக் கண்டவர் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் சங்கத்தில் உண்டா?

3. உங்கள் ஊர்க் குளம் கடைசியாக எப்போது ஆழமாக்கப்பட்டது? அதன் அயலில் உள்ள கிணறுகள் ஆனி மாதத்தில் எப்படி இருக்கின்றன?

4. கழிவு ஒயிலை நீங்கள் எங்கே சேர்க்கிறீர்கள்?